தமிழ் வரிமுறிவு (கணிமை)

தமிழ் வரிமுறிவு என்பது பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் தமிழ்ச் சொல் வரியின் ஈற்றில் எவ்விடத்தில் முறியலாம் என்பதைத் தீர்மானிப்பது ஆகும். எடுத்துக்காட்டாக, "கள்ளக்குறிச்சி" என்னும் பெயரில் 8 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியிலோ அது 14 குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. உயிர்மெய்யைப் பிளத்தல் கூடாது. புள்ளியெழுத்தில் வரியைத் தொடங்குவதும் அச்சு மரபன்று. எனவே கள், ளக், கு, றிச், சி ஆகிய துண்டுகளின் இடையில் மட்டுமே இதனை முறிக்கலாம்.

கொம்பு பிரிதல்

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலை என்னும் ஊரின் பெயர் இச்சிக்கலுக்கு நல்ல சான்று. தமிழ்நாடு அரசு 1999இல் அறிவித்த டேப் போன்ற 8 பிட்டு குறியேற்றங்களில் ஒற்றைக்கொம்பும் ஐகாரக் குறியும் மெய்க்கு முன்னரே தனியாகச் சேமிக்கப்பட்டன. பேஜ்மேக்கர் போன்றவை இவற்றை லத்தீன் எழுத்துகளாகவே கருதின. ஆங்கிலச் சொற்பிரிப்பு வசதி இயங்கினால், குறுகிய பத்தியில் கொம்பு ஒரு வரியிலும் "வ" அடுத்த வரியிலும் விழக்கூடும்.

ஒருங்குறியில் கொம்பு மெய்யை அடுத்தே சேமிக்கப்படுகிறது; அதனை முன்னே நகர்த்துவது மென்பொருளின் வடிவாக்கப் பொறி. "கு", "றி" போன்ற வடிவங்களை எழுத்துருவின் ஓப்பன்டைப் விதிகள் தருகின்றன. அவை இயங்காவிடில் சொல்லின் அகலமே மாறி, வரிகள் இடம்பெயரும்.

பிழை கண்டறிதல்

உரையை ஓர் ஒருங்குறி எழுத்துருவுக்கு மாற்றும்போது லத்தீன் குறிகள் தெரிந்தால், அது பழைய குறியேற்றம். உரையையே மாற்ற வேண்டும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் நின்றால் குறை வடிவாக்கத்தில் உள்ளது. வேறு எழுத்துருக்களைத் தேடுவது வீண்வேலை. இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கான ஆதரவு 2012இல் வெளியான சிஎஸ்6 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தெரிவு செய்தல் வேண்டும். எழுத்துகள் சரியாக இருந்தும் வரி மடியாவிடில், வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய உரையில் முறியா இடைவெளிகள் உள்ளனவா எனப் பார்த்து, அவற்றைச் சாதாரண இடைவெளிகளாக மாற்றலாம்.