நீங்க கேட்ட விலை யாருக்கும் தெரியாது! டென்மார்க் விவசாயிகளின் ரகசிய ஆன்லைன் ஏலம் நடந்தது எப்படி?

ஆன்லைன் ஏலம்னாலே ஒரு சந்தேகம் வரும். நாம் கேட்கும் விலையை ஏலம் நடத்துறவர் பார்த்துட்டா என்ன செய்வது? 2008 ஜனவரியில் டென்மார்க்கில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

என்ன பிரச்சினை?

சர்க்கரை எடுக்கப் பயன்படும் சுகர் பீட் கிழங்கை டென்மார்க்கில் வாங்கிய ஒரே ஆலை நிறுவனம் டானிஸ்கோ. யார் எத்தனை டன் தரலாம் என்பதற்கு ஒப்பந்தம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சாகுபடிக்கான ஆதரவைக் குறைத்தது. இதனால், கட்டுப்படியாகாத விவசாயிகள் தங்கள் ஒப்பந்த உரிமையை மற்றவர்களுக்கு விற்க ஏலம் தேவைப்பட்டது.

ஆனால், ஒருவர் கேட்கும் விலையே அவருக்கு எவ்வளவு லாபம் நிற்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அது டானிஸ்கோவுக்குத் தெரிந்தால், அடுத்த பேரத்தில் விவசாயிக்குத்தான் நஷ்டம். ஒப்பந்தமே டானிஸ்கோவோடு என்பதால், விவசாயிகள் சங்கம் தனியாக ஏலம் நடத்தவும் முடியாது.

எப்படிச் சமாளித்தார்கள்?

டானிஸ்கோ, விவசாயிகள் சங்கம், ஆராய்ச்சிக் குழு என 3 தரப்புக்கும் தலா ஒரு கணினி. விவசாயி தரும் எண் 3 பங்காகப் பிரிந்து, ஆளுக்கு ஒன்றாகப் போகும்.

உதாரணத்துக்கு, ஒருவர் 50 டன் கேட்கிறார். அது 57, 64, 71 என மாறுகிறது. ஒவ்வொன்றிலும் 7 கூடுகிறது. ஒரு பங்கை மட்டும் வைத்து 50-ஐக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொருவரின் 30 டன் 33, 36, 39 ஆகிறது.

ஒவ்வொரு கணினியும் தன்னிடம் உள்ளதைக் கூட்டினால் 90, 100, 110. பத்துப் பத்தாகக் கூடுவதால், 90-இல் 10 போனால் 80. மொத்தம் சரியா வந்துடுச்சு. யார் எவ்வளவு கேட்டார் என்பது வெளியே வரவில்லை. உண்மையான கணக்கு இதைவிடச் சிக்கலானது, அடிப்படை இதுதான்.

1,200-க்கும் மேற்பட்ட விவசாயிகள் கலந்துகொண்டனர். சுமார் அரை மணி நேரத்தில் கணக்கு முடிந்தது. வாங்குவோர் கேட்ட அளவும் விற்போர் தரும் அளவும் சமமாகும் ஒரே விலை முடிவானது. சுமார் 25,000 டன் உரிமை கைமாறியது.

ஓட்டையே இல்லையா?

இருக்கு. 2 தரப்பு கைகோத்தால் ரகசியம் போச்சு. 57-உம் 64-உம் சேர்ந்தாலே 50 தெரிந்துவிடும். அதனால்தான் ஆலையையும் விவசாயிகள் சங்கத்தையும் எதிரெதிரே வைத்தார்கள். பேரத்தில் மோதிக்கொள்ளும் இருவர் சேர்ந்து ஏமாற்றுவது கஷ்டம்.

ஆகவே, எந்த ஏலத் தளமாவது 'பாதுகாப்பானது' என்று சொன்னால் ஒன்றை மட்டும் கேளுங்க: நம்ம விலை விவரம் ஒரே ஆள் கையில் இருக்கா?