வீட்டுக்குள் வந்த பெட்டிகள்



சென்ற பள்ளி விடுமுறையில் கிள்ளானிலுள்ள அம்மா வீட்டிற்குச் சென்றிருந்தேன். தொலைக்காட்சி மேசையின் மீது மூன்று பெட்டிகள் வரிசையாக அமர்ந்திருந்தன. ஒன்று செயற்கைக்கோள் டிக்கோடர். மற்றொன்று அரசாங்கம் இலவசமாக வழங்கிய இலக்கவியல் பெட்டி. மூன்றாவது, தம்பி எங்கோ மலிவாக வாங்கி வந்த ஆண்டிராய்டு பெட்டி. தொலைவியக்கிகள் நான்கு. அம்மாவோ சமையலறையில் மின்னல் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "எதை அமுக்குனா எது வரும்னு தெரியலப்பா" என்றார்.

இவற்றுள் எதை வைத்துக்கொள்வது, எதை அகற்றுவது? அப்பாவின் ஓய்வூதியத்தில்தான் அம்மாவின் மாதச் செலவு நடக்கிறது. டிக்கோடருக்கான மாதக் கட்டணமோ அவருக்குப் பெரிய தொகை. விடை தேட உட்கார்ந்தவன், நம் வீடுகளுக்குள் பெட்டிகள் வந்த கதையை எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. தொடக்கத்தில் கோலாலம்பூர் அம்பாங் சாலையிலுள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபமே நிலையமாக இருந்தது. 1969இல் தொலைக்காட்சி அங்காசாபுரி வளாகத்திற்கு இடம் மாறியது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவது அலைவரிசையும் பிறந்தது. 1978 டிசம்பரில் வண்ணம் வந்தது. அந்நாளில் ஆண்டுக்கு 24 வெள்ளி கட்டி உரிமம் எடுக்க வேண்டியிருந்தது என்பதை இன்றைய இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். தொலைக்காட்சி வைத்திருப்பதற்கே உரிமம்!

ஆனால் இவை யாவும் நகரத்து வரலாறு. காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்ந்த என் தாத்தாவுக்குத் தொலைக்காட்சி என்பது கிராணி வீட்டு வராந்தா. லயத்து வீடுகளில் மாலையில் சில மணி நேரந்தான் மின்சாரம். பின்னாளில் காடி பேட்டரியை இணைத்துக் கறுப்பு வெள்ளைப் பெட்டியை ஓட்டினார்கள். தமிழ்ப்படம் போடும் நாளன்று பேட்டரியை மின்னேற்றம் செய்து வைத்திருப்பார்கள். படத்தின் உச்சக்கட்டத்தில் அது தீர்ந்துபோவதும் உண்டு. முடிவு தெரியாமல் கலைந்து சென்றவர்கள் மறுநாள் பால்வெட்டும்போது ஆளுக்கொரு முடிவைச் சொல்லிக்கொள்வார்களாம்.

எண்பதுகளில் வீடியோ நாடா வந்தது. 1984 ஜூனில் டிவி3 தொடங்கியபோது அதன் ஒளிபரப்பு முதலில் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு மட்டுமே கிடைத்தது. இருந்தும் எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசியவர் இல்லை. பேச்செல்லாம் டெக்கைப் பற்றித்தான். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கத்திலும் நாடாவை வாடகைக்கு எடுக்கலாம். மூன்று மணி நேர நாடா ஒன்றில் ஒரு தமிழ்ப்படம் இடைவெளியின்றி அடங்கிவிடும். தீபாவளிக்கு முதல் நாள் இரவு, டெக் வைத்திருக்கும் மாமா வீட்டில் இருபது பேர் பாயில் அமர்ந்திருப்போம். என்ன பார்ப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். ஆனாலும் அதுவே முதன்முறையாக, அங்காசாபுரி குறித்த நேரத்திற்கன்றி நாம் விரும்பிய நேரத்தில் தமிழைக் கேட்ட காலம். அதன் அருமையை அப்போது நாங்கள் உணரவில்லை.

பின்னர் குறுந்தட்டு. ஒரு தட்டில் 74 நிமிடமே கொள்ளும் என்பதால் இரண்டரை மணி நேரப் படத்திற்கு இரண்டு அல்லது மூன்று தட்டுகள் தேவைப்பட்டன. நாயகன் அடிக்கக் கையோங்கும்போது தட்டை மாற்ற வேண்டி வரும். அந்தத் தட்டுகளுள் பெரும்பாலானவை இரவுச் சந்தையில் வாங்கிய திருட்டுத் தட்டுகள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இதை மறைத்துவிட்டு இன்றைய பெட்டிகளைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

1996ஆம் ஆண்டை இவ்வரலாற்றின் திருப்புமுனை என்பேன். அதுவரை வீட்டுக் கூரையில் செயற்கைக்கோள் வட்டு வைக்கப் பொதுமக்களுக்கு அனுமதி இருந்ததில்லை. அவ்வாண்டு சனவரியில் தென்னமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து மீசாட் 1 ஏவப்பட்டது. அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ ஒளிபரப்பைத் தொடங்கியது. வானவில் என்னும் தமிழ் அலைவரிசையும் கூடவே வந்தது. செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு மேலே நின்றது. கிள்ளானிலிருந்து பார்த்தால் அது ஏறத்தாழத் தலைக்கு மேல், சற்றே மேற்குப் பக்கம். நம் வீட்டு வட்டுகள் யாவும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதன் காரணம் அதுதான். மாணவர்களிடம் இதைச் சொன்னால் வீட்டிற்குப் போய்க் கூரையைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

வட்டு சிறிதாக இருப்பதற்கு அதிர்வெண் உயர்ந்திருப்பதே காரணம். அந்த உயர்வே மழைக்குப் பலவீனமுமாகும். அலைநீளம் மழைத்துளிகளால் எளிதில் சிதறும் அளவுக்குக் குறுகியது. ஆகவேதான் மாலை இடிமழை கொட்டும்போது படம் உறைந்து நிற்கிறது. இது டிக்கோடரின் கோளாறன்று; பெட்டியைத் தட்டிப் பயனில்லை. (அப்பா தட்டுவார்.)

ஆஸ்ட்ரோ வந்த பிறகு, 1993 ஏப்ரலில் சென்னையில் தொடங்கிய சன் தொலைக்காட்சியும் நம் வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது. நான் பயிற்சி முடித்துக் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் மாணவர் கட்டுரைகளில் சென்னைத் தொடர்களின் மொழி புகுந்திருப்பதைக் கண்டேன். சிலர் வருந்தினர், நான் அவ்வளவாக வருந்தவில்லை. வீட்டில் நாள்தோறும் தமிழ் ஒலித்தது. அது எந்த ஊர்த் தமிழானால் என்ன? உண்மையில் எனக்குக் கவலை தந்தது வேறொன்று. மாதக் கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளை, காலையில் மற்றவர்கள் பேசும் கதையில் சேர இயலாமல் நிற்கும். கிராணி வீட்டு வராந்தாவுக்கு யாரும் போகலாம். டிக்கோடர் வீட்டுக் கதவோ மூடியிருந்தது.

2012இல் மாதக் கட்டணமற்ற என்ஜாய் பெட்டி வந்து அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. ஒருமுறை பணம் கட்டிப் பொருத்தினால் போதும். கூடுதல் அலைவரிசை வேண்டுமானால் முன்கட்டணம். பின்னர் 2019 அக்டோபரில் பழைய ஒப்புமை ஒளிபரப்பு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டு, மைஃபிரீவியூ என்னும் இலக்கவியல் தரைவழி ஒளிபரப்பே எஞ்சியது. இதற்கு வட்டு வேண்டா. சாதாரண அலைவாங்கி போதும். மழைக்கும் பெரிதாக அஞ்சுவதில்லை. டிவி2இன் தமிழ்ச் செய்தியும் மின்னல் வானொலியும் அதில் கிடைக்கின்றன. ஆனால் நாள் முழுதும் தமிழை எதிர்பார்ப்பவருக்கு அது போதாது.

மூன்றாவது பெட்டிக்கு வருவோம். ஆண்டிராய்டு பெட்டி என்பது குற்றமன்று. முறையான செயலிகளைப் பார்க்க உதவும் சிறு கணினி அது, அவ்வளவே. நெட்பிளிக்ஸ் 2016இல் இங்கு வந்த பின் இத்தகைய பெட்டிகள் பெருகின. சிக்கல், எல்லா நாட்டு அலைவரிசைகளும் இலவசம் என்று சொல்லி விற்கப்படும் பெட்டிகளில்தான். 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், உரிமமின்றி ஒளிபரப்பைப் பெறும் தொழில்நுட்பத்தை விற்போருக்கு 10,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதமோ, 20 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. இரவுச் சந்தைத் தட்டின் பேரப்பிள்ளை இந்தப் பெட்டி.

இன்னொன்றும் உண்டு. உயர்தெளிவுப் படத்திற்கு வினாடிக்கு 5 மெகாபிட் வேகம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் 2 கிகாபைட்டுக்கு மேல் செலவாகும். அம்மா வீட்டில் நிலையான இணையம் இல்லை. தம்பி தன் கைப்பேசியிலிருந்துதான் இணைப்புக் கொடுத்திருந்தான். அவன் வேலைக்குப் போய்விட்டால் பெட்டி வெறும் பெட்டி! இலவசம் என்று வந்ததற்கு மாதந்தோறும் இணையக் கட்டணம் கட்டினால், அது டிக்கோடர் கட்டணத்திற்கு அருகில் வந்து நிற்கும்.

ஆண்டிராய்டு பெட்டியைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்தேன். அவனுக்குக் கோபம். "அம்மா பழைய படம் பார்க்கட்டும்னுதானே வாங்கினேன்" என்றான். அவன் எண்ணம் நல்லதே. மாதக் கட்டண டிக்கோடரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே வட்டில் என்ஜாய் பெட்டியை இணைக்கலாம் என்றேன். அம்மா உடனே உடன்படவில்லை. "ராத்திரி எட்டு மணித் தொடர் அதுல வருமா?" என்பதே அவருடைய ஒரே கேள்வி. முன்கட்டணம் கட்டினால்தான் வரும் என்றேன். அந்தத் தொடர் முடியும் வரை டிக்கோடர் இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று. தொடர் இன்னும் முடியவில்லை.

இலக்கவியல் பெட்டியின் தொலைவியக்கியில் சிவப்பு நாடா ஒட்டி, 'மழை' என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன். மழை பெய்தால் அதை அமுக்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும்.