பொப் பாட்டும் மலைப் பாட்டும்

வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே றொசல்ல என்றொரு சிறு புகையிரத நிலையம் உண்டு. அதனைச் சூழ்ந்த தோட்டத்து லயங்களுக்கும் 1970களில் வானொலி வழியே தமிழ்ப் பொப் பாட்டு எட்டியது. சினிமாவைச் சாராத பாட்டு அது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழைக் கிற்றார் ஒலியோடு இணைத்தது, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ சிங்கள பைலாவின் துள்ளலைத் தமிழகம் வரை கொண்டு சென்றது. இலக்கணப் பிழை தேடுவோர் தேடுக. நம்மவர் பேச்சில் நம்மவரே பாடினர் என்பதே பெரிது.

இப்புதுமையைச் சுவைப்போர் மலையகத்தின் பழம் பாட்டையும் செவிமடுத்தல் வேண்டும். காமன் கூத்தில் தப்பொலியோடு எழுந்தவையும், கொழுந்து பறிப்போரின் துயரைச் சொன்னவையும் இசைத்தட்டேறியது அரிது. பாடியவரோடு பல மறைந்தன. எஞ்சியவற்றுட் பலவற்றைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து, 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என நூலாக்கினார். நூலில் சொற்கள் உள. மெட்டுக்களைத் தோட்டத்து முதியோரிடமே கேட்டறிதல் வேண்டும்.