சேணப்பைத் துப்பாக்கி: 1871 டெக்சாஸ் சட்டமும் நியூ ஜெர்சி பெர்மிட்டும்

கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல அனுமதி கேட்பவர் ‘எதற்கு?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிபந்தனை அமெரிக்காவில் எங்கே முளைத்தது? நியூயார்க்கின் அத்தகைய நிபந்தனையை ரத்து செய்து 2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த புரூயன் தீர்ப்பில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் இதற்கு நீண்ட வரலாறு எழுதியிருக்கிறார். டெக்சாஸின் 1871ஆம் ஆண்டுச் சட்டம் அதில் அவரை இடறுகிறது. நியூயார்க் கேட்ட ‘தக்க காரண’த்துக்கு அதை ஒப்பிடலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார், ஆனால் உடனேயே, இது கூட்டத்தோடு சேராத ஒற்றை என்று தள்ளிவிடுகிறார். அதுபோன்ற தடைக்குத் துணையாக மேற்கு வர்ஜீனியா ஒன்றுதான் உண்டு என்பது அவர் கணக்கு. மாநிலங்களை எண்ணினால் கணக்கு சரி. சொற்களைப் படித்தால் சரியல்ல என்பது என் வாதம்.

சட்டத்தின் முதல் பிரிவு உடம்பில், சேணத்தில், சேணப்பையில் என்று இடத்தைச் சொல்லி, பிஸ்டல், குத்துவாள், வாள் மறைத்த கைத்தடி, ஈட்டி, போவி கத்தி என்று ஆயுதங்களை அடுக்குகிறது. குதிரையேறிகளின் ஊரில் எழுதிய சட்டம் என்பதற்கு அந்தச் சேணப்பையே சாட்சி. முதல் குற்றத்துக்கு 25 முதல் 100 டாலர் வரை அபராதம், ஆயுதமும் பறிபோகும். தன் வீட்டிலும் தொழில் செய்யும் இடத்திலும் வைத்திருக்கலாம். பயணி தன் மூட்டையோடு கொண்டுபோகலாம். பழங்குடியினரின் தாக்குதலுக்கு ஆளாகக்கூடிய எல்லைப்புறம் என்று ஆளுநர் அறிவித்த கவுண்டிகளில் சட்டமே செல்லாது. மற்றவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு: தன் ஆள்மேல், அதாவது தன் உடம்பின்மேல், சட்டவிரோதத் தாக்குதல் வரும் என்று அஞ்ச நியாயமான காரணம் இருக்க வேண்டும், அந்த ஆபத்தும் தள்ளிப்போட முடியாதபடி நெருங்கியிருக்க வேண்டும்.

இதில் பெர்மிட் கிடையாது. காரணத்தை யாரிடமும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், பிடிபட்ட பிறகு நீதிமன்றத்தில் சொன்னால் போதும். தாமஸுக்குச் சாதகமான இந்த வேறுபாட்டை நான் மறைக்கவில்லை.

நான் பிடித்துக்கொள்வது ‘ஆள்’ என்ற சொல்லை. மாசசூசெட்ஸின் 1836 சட்டம் ஆள், குடும்பம், சொத்து மூன்றையும் சொன்னது; அங்கேயும் பிறர் புகார் செய்தால்தான் பிணை கேட்பார்கள். 1920களில் அமெரிக்க ரிவால்வர் சங்கம் பல மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சட்டமும் ஆள், சொத்து இரண்டையும் ஏற்றது. சொத்தை விட்டுவிட்டது டெக்சாஸ். நியூ ஜெர்சியும் அங்கேதான் வந்து நிற்கிறது. 1971இல் சிக்கார்டி வழக்கில் ஒரு திரையரங்கு உரிமையாளருக்கு அம்மாநில உச்ச நீதிமன்றம் பெர்மிட் மறுத்தது. 1990இல் பிரைஸ் வழக்கில் இன்னும் வெளிப்படையாகப் பேசியது: சொத்தைக் காப்பது மட்டும் போதாது, பொதுவான பயமும் போதாது, குறிப்பிட்ட மிரட்டலோ முன் நடந்த தாக்குதலோ காட்ட வேண்டும். ‘நெருங்கிய ஆபத்து’ என்ற டெக்சாஸ் அளவுகோலுக்கு இதைவிட நெருங்கிய உறவை நான் கண்டதில்லை.

கலிபோர்னியா வேறு கிளை. 1923 சட்டத்தில் ‘நல்ல காரணம்’ எது என்பது ஷெரீஃப், போலீஸ் தலைவர் கையில் இருந்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் கவுண்டிக்குக் கவுண்டி பதில் மாறியதற்கு அதுவே வேர். குடியுரிமை பெறாத வெளிநாட்டவர் கைத்துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது என்றும் அச்சட்டம் சொன்னது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே குடியேறியிருந்த நம்மவருக்குக் காரணம் சொல்லும் வாய்ப்புகூட இருந்திருக்காது.

டெக்சாஸ் பின்னாளில் கேள்வியையே கைவிட்டது. 1991 அக்டோபரில் கிலீன் நகர உணவகத்தில் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சட்டத்துக்குப் பயந்து துப்பாக்கியைக் காரில் விட்டுவந்திருந்த சுசானா ஹப் தன் பெற்றோரை இழந்தார். 1995இல் உரிமச் சட்டம் வந்தது, 2021 செப்டம்பர் முதல் உரிமமே தேவையில்லை. நியூ ஜெர்சி புரூயனுக்கு மறுநாள் கேள்வியை நீக்கியது. 2022 டிசம்பரில் 200 டாலர் கட்டணத்தையும் நான்கு பேரின் நற்சான்றையும் வைத்தது.

என் வாதத்தில் சிறு சிக்கல் ஒன்று: டெக்சாஸ் சட்டத்தை நிலைநிறுத்திய டியூக் வழக்கு ஓரிடத்தில் 1874 என்றும் ஓரிடத்தில் 1875 என்றும் மேற்கோளில் வருகிறது. தாமஸ் காட்டுவது 1875. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. நியூ ஜெர்சியின் 1924 சட்டம் ‘தேவை’ என்று மட்டுமே சொன்னது. அதைக் கடுமையாக்கியவர்கள் பின்வந்த நீதிபதிகள். அவர்கள் டெக்சாஸைப் படித்தார்கள் என்று காட்ட என் கையில் ஆவணம் இல்லை. உறவு பரம்பரையாக வந்ததா, ஒரே அச்சத்துக்கு இரண்டு இடங்களில் தனித்தனியே எழுந்த விடையா என்பதை இப்போதைக்குத் திறந்தே வைக்கிறேன்.