ஒரே தெரு, இரண்டு சட்டகங்கள்

2007 மே மாதம் ஐந்து அமெரிக்க நகரங்களோடு தொடங்கிய, தெருக்களைப் படங்களாகத் திரையில் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ, வழி தேடுகிறவர்களுக்காக வந்தது. அதற்குள் படம் தேடியவர்களும் உண்டு. அவர்களில் மைக்கேல் உல்ஃப், ஜாக்கி கென்னி இருவரும் ஒரே காட்சிக் குவியலிலிருந்து நேரெதிர் வடிவங்களை எடுத்தார்கள்.

இருவருக்கும் இருந்த கட்டுப்பாடு ஒன்றுதான். கூகுள் காரின் கூரைமேல், தரையிலிருந்து சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில் இருந்த கேமரா முன்பே எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டது. அந்த உயரத்தைக் குறைக்க முடியாது. மாலை வெயிலுக்காகக் காத்திருக்கவும் முடியாது. எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு நெருங்குவது என்ற மூன்று முடிவுகளே மிஞ்சுகின்றன.

உல்ஃப் நெருங்கிப் போனார். ஜெர்மனியில் பிறந்து ஹாங்காங்கில் நெடுங்காலம் வாழ்ந்தவர். அங்குள்ள அடுக்குமாடிகளை வானமும் தரையும் தெரியாதபடி வெட்டி, ஜன்னல் வரிசைகளாலேயே சட்டகத்தை நிரப்பிப் புகழ்பெற்றவர். அதே வெட்டும் பழக்கத்தைப் பாரிஸ் தெருக்காட்சிகளுக்கும் கொண்டுவந்தார். கணினித் திரைக்கு எதிரே முக்காலியில் கேமராவை நிறுத்தி, திரையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தார். அப்படி எடுக்கும்போது பிக்சல்கள் கட்டங்களாகத் தெரிகின்றன. வழிகாட்டும் அம்புக்குறியும் சில படங்களில் நிற்கிறது. இந்த முறையில் எடுத்த ஒரு தொடருக்கு செய்திப்படங்களுக்கான 2011 வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. இதைச் செய்திப்படம் என்று ஏற்கலாமா என்ற வாக்குவாதமும் எழுந்தது.

கென்னி விலகி நின்றார். நியூசிலாந்தில் பிறந்து லண்டனில் குடியேறிய அவருக்கு, வெளியே போவதே பெரும் பதற்றம் தரும் அகோராஃபோபியா உண்டு. மங்கோலியா, செனகல், பெரு, சிலி என்று ஸ்ட்ரீட் வியூ வழியாகவே சுற்றி, ஸ்கிரீன்ஷாட்டுகளாகச் சேகரித்தார். 2017-இல் அவை நியூயார்க்கில் கண்காட்சியாயின. சமதளமான நிலம், தனித்து நிற்கும் கட்டடம், கடும் வெயில், கத்தியால் வெட்டியதுபோன்ற நிழல், நேரான அடிவானம்: அவருடைய படங்களில் திரும்பத் திரும்ப வருபவை இவையே.

அந்த நேர்த்திக்குப் பின்னால் திட்டமான வேலை இருக்கிறது. பார்வையைச் சற்று மேலே தூக்கினாலும் சுவரின் செங்குத்துக் கோடுகள் உச்சியை நோக்கிக் குவியும். மட்டமாக வைத்தால் நேராக நிற்கும். சாலையை விட்டுப் பக்கவாட்டில் திரும்பிச் சுவரை நேருக்கு நேர் பார்த்தால் சரிவான கோடுகள் மறைந்து, செவ்வகம் செவ்வகமாகவே தெரியும். ஓரிரு தப்படி முன்பின் நகர்ந்தால் மின்கம்பம் கதவை மறைக்கும் அல்லது விலகும்.

உல்ஃபின் கட்டங்கள் இயந்திரத்துடையவை. இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதை அவை மறைப்பதில்லை. அந்த நேர்மை பெரிது. கென்னியின் கோடுகளோ அந்தந்த ஊர்க்காரர்கள் எழுப்பிய சுவருக்கும், அங்கே விழுந்த வெயிலுக்கும் உரியவை. கண்காணிக்கும் இயந்திரத்தைப் பற்றி யோசிக்க உல்ஃபிடம் போகலாம். வடிவத்தைக் கண்டெடுக்கக் கற்க விரும்புகிறவருக்குக் கென்னியே சிறந்த ஆசிரியர் என்பது என் தீர்ப்பு.

கேமரா வாங்கப் பணமில்லை, பயணம் போக வழியில்லை என்று தயங்கும் இளைஞர்களே, இன்றே ஏதாவது ஒரு நகரத்தைத் திரையில் திறந்து, பார்வையை மட்டமாக்கி, ஒரு சுவருக்கு நேரே திரும்பிப் பாருங்கள். காம்போசிஷன், அதாவது சட்டகத்துக்குள் வடிவங்களை அமைக்கும் கலை, பயில அதுவே போதும்.