பழவேற்காடு மீனவ ஊர்களில் கம்பியில்லாத் தொடர்பு

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவாகக் கிடக்கும் உப்பங்கழி பழவேற்காடு ஏரி. இந்திய உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. நீர்ப்பரப்பின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்முனையும் அங்குள்ள முகத்துவாரமும் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் முதலிய மீனவ ஊர்களில் இன்று வானொலி, கைபேசி, வி.எச்.எஃப். வயர்லெஸ், ஜி.பி.எஸ்., செயற்கைக்கோள்வழிக் கருவிகள் எல்லாம் ஏதோ ஓர் அளவில் புழங்குகின்றன. இவை ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. ஒவ்வொன்றுக்கும் எட்டும் தூரம் வேறு, ஆகவே உதவும் வேலையும் வேறு.

தொழில் இங்கே இரு வகை. ஏரிக்குள் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. கோலூன்றியே படகு செலுத்தலாம். இறால், நண்டு, மடவை ஆகியவையே முக்கியமாகக் கிடைப்பவை. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைப் பாடு முறைப்படி ஊரே தீர்மானிக்கிறது. முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போவோர் பெரும்பாலும் இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகுக்காரர்கள். தொடர்புக் கருவி வயிற்றுப்பாட்டுக்கா உயிருக்கா என்ற கேள்விக்கு ஏரியில் ஒரு விடை, கடலில் வேறு விடை.

வானொலியும் ஒலிபெருக்கியும்

இக்கரைக்கு முதலில் வந்த கம்பியில்லாக் கருவி டிரான்சிஸ்டர் வானொலி. அகில இந்திய வானொலியின் மீனவர்களுக்கான வானிலை அறிவிப்பும், எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணும் இன்றும் ஊர்ப்பேச்சில் இடம்பெறுகின்றன. ஆனால் வானொலி ஒருவழிப் பாதை. கேட்கலாம், திருப்பிச் சொல்ல முடியாது.

ஊருக்குள் செய்தி பரப்பும் வழியைத் தமிழ்க் கடற்கரை வேறோர் இடத்தில் சோதித்தது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரிலிருந்து வயர்லெஸ் வழியே மற்ற மையங்களுக்குச் செய்தி போனது. வீராம்பட்டினத்தில் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதே ஏற்பாட்டின் கீழிருந்த நல்லவாட்டில், 2004 சுனாமியன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன செய்தியை மையத்து ஒலிபெருக்கி ஊர் முழுக்கக் கொண்டுபோனது. சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊர் பிழைத்தது. பழவேற்காட்டுக் குப்பங்களில் அன்று அலைதான் முன்னால் வந்தது. ஐதராபாத்தில் இன்காய்ஸ் எனப்படும் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் சுனாமி முன்னெச்சரிக்கைப் பிரிவு செயல்படத் தொடங்கியது 2007 அக்டோபரில். அதன் எச்சரிக்கையும் கடைசிக் கல் தூரத்தைக் கடக்க இன்னும் ஒலிபெருக்கியைத்தான் பல ஊர்களில் நம்பியிருக்கிறது. அதைப் பழையது என்று தள்ளுவது சரியல்ல.

கைபேசியும் மீன் விலையும்

இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கட்டணம் இறங்கிய பிறகே அது கடற்கரைக் குப்பங்களுக்கு எட்டியது. கைபேசியால் மீனவருக்கு என்ன நன்மை என்று கேட்டால் பலரும் காட்டுவது பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட வட கேரள ஆய்வை. 1997-க்கும் 2001-க்கும் இடையில் அங்கே சிக்னல் வந்த பிறகு, மத்தி பிடித்தவர்கள் கடலிலிருந்தே விலை கேட்டு, எந்தக் கரையில் இறக்குவது என்று முடிவு செய்தார்கள். வாங்க ஆளில்லாமல் கொட்டப்பட்ட மீன் ஏறக்குறைய இல்லாமல் போனது. மீனவர் லாபம் சுமார் 8% கூடியது, மத்தியின் விலையும் 4% குறைந்தது.

அந்தக் கணக்கை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. மத்தி கூட்டமாக விழும் மலிவான மீன். கரைக்குக் கரை விலை மாறும். ஏரியின் நண்டும் இறாலும் ஏற்றுமதிச் சரக்கு; உயிருள்ள நண்டின் விலை வெளியூர் வாங்குபவரின் தேவையைப் பார்த்து ஏறி இறங்கும். அதோடு தமிழ்க் கரையில் வலைக்கும் இயந்திரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் பிடித்ததை அவரிடமே போட வேண்டும். சென்னைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்து விலை கைபேசியில் தெரிந்தாலும், கடன் தீராதவருக்கு அந்த விலை ஒரு செய்தி மட்டும்தான். விலை அறிவது வேறு, விலை பேசும் பலம் வேறு. வியாபாரியை வண்டியோடு கரைக்கு வரச் சொல்வது, ஐஸ் கேட்பது, இயந்திரம் நின்றுபோனால் பக்கத்துப் படகை அழைப்பது போன்ற அன்றாட வேலைகளில்தான் கைபேசியின் பயன் உறுதியாகத் தெரிகிறது.

திறந்த நீர்ப்பரப்பில் கைபேசி அலை நன்றாகவே ஓடும். மறைக்கக் கட்டடமோ குன்றோ இல்லை. ஆனாலும் எல்லை உண்டு. இரண்டாம் தலைமுறை ஜி.எஸ்.எம். முறையில் அலை போய்வரும் நேரக் கணக்கே ஒரு டவரின் எட்டத்தை 35 கி.மீ.க்குள் நிறுத்திவிடும். பழைய பட்டன் போன் 900 மெகாஹெர்ட்சில் 2 வாட் வரை திறன் காட்டும். இன்றைய 4ஜி கைபேசியின் உச்சம் பெரும்பாலும் 0.2 வாட். டவரின் ஆன்டெனா ஊரைப் பார்த்துச் சாய்த்துக் கட்டப்படுவதால் கடல் பக்கம் கிடைப்பது மிச்சம் மீதிதான். ஏரியின் நடுவே தொலைத்தொடர்பு வட்டத்தின் எல்லையும் ஓடுகிறது: ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில், வடக்கே போன படகில் கைபேசி ஆந்திர டவரைப் பிடித்தால் காசு கரையும்.

வயர்லெஸ் செட்

சிக்னல் விட்டுப்போகும் இடத்தில் வி.எச்.எஃப். வேண்டும். கைக்கருவியின் திறன் 5 வாட், படகில் பொருத்துவது 25 வாட். ஆபத்துக் குரலுக்கென உலகமெங்கும் ஒதுக்கப்பட்டது 16-ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். இதன் எட்டத்தைத் தீர்மானிப்பது திறனைவிட ஆன்டெனாவின் உயரமே. நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் பேசும் இரு படகுகளுக்கு இடையே சுமார் 12 கி.மீ.; கரையில் 30 மீட்டர் உயர ஆன்டெனா இருந்தால் 28 கி.மீ. வரை. கைபேசியில் ஒருவரை மட்டுமே அழைக்கலாம். வயர்லெஸில் ஒருவர் பேசுவதைச் சுற்றியிருக்கும் எல்லாப் படகும் கேட்கும். மணல்மேடு நகர்ந்து அலை புரளும் முகத்துவாரத்தில் முன்னே போன படகு சொல்லும் ஒரு சொல் பின்னால் வரும் அனைவருக்கும் உதவும். மீன்பட்ட இடத்தைப் பற்றி மட்டும் அதில் எவரும் வாய் திறப்பதில்லை. அது கைபேசியில் உறவுக்காரருக்கு மட்டும் போகும்.

பக்கத்துத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் வி.எச்.எஃப். உடன் ஏ.ஐ.எஸ். என்ற இருப்பிடம் அறிவிக்கும் கருவியும் கட்டாயம். கருவி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு, 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூருக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பில், டான் காஞ்சிபுரம் என்ற கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதே சான்று.

செயற்கைக்கோளும் ராக்கெட் நாளும்

ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. நாவிக் வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள் எல்லாம் அங்கிருந்தே ஏவப்பட்டவை. ஏவுதல் நாட்களில் பாதுகாப்புக்காகப் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிக்கப்படுகிறது; ஏவுதல் தள்ளிப்போனால் தொழில் முடக்கமும் நீளும். படகுக்கு வழிகாட்டும் செயற்கைக்கோள் மேலே போகும் நாளில் படகு கரையில் கிடக்க வேண்டியிருக்கிறது. அந்த நாளுக்கு இழப்பீடு கேட்பது நியாயமே.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது, குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு எச்சரிக்கை சொல்ல வழியே இருக்கவில்லை. அதன் பிறகுதான் கருவிகள் வேகமாக வந்தன. 2019 அக்டோபரில் அறிமுகமான ஜெமினி என்ற கருவி, ககன் செயற்கைக்கோள் வழியே வரும் எச்சரிக்கையைப் புளூடூத் மூலம் கைபேசிக்குத் தரும், பதில் அனுப்பாது. இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி அதற்கு முன்பே, 2010 முதல் புழக்கத்தில் உள்ளது. பொத்தானை அழுத்தியவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாத குறையை, 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி போக்கியது. துரையா, இரிடியம் செயற்கைக்கோள் தொலைபேசிகளை அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம்.

கைபேசிச் செயலிகளில் எம்.எஸ். சுவாமிநாதன் நிறுவனத்தின் ஃபிஷர் ஃபிரெண்ட், மாநில மீன்வளத் துறையின் தூண்டில் ஆகியவை தமிழில் கிடைக்கின்றன. மீன் திரளும் இடத்தைக் கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்துக் கணிக்கும் இன்காய்ஸ் தகவல் ஏரித் தொழிலுக்கு உதவாது. காற்று, அலை முன்னறிவிப்பே ஃபைபர் படகுக்குப் பயன்படும். சிக்னல் உள்ள இடத்தில் கடலோரக் காவல்படையை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை 1093 என்ற எண்களில் கட்டணமின்றி அழைக்கலாம்.

2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் தொடங்கிவைக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம், ஒரு லட்சம் கடல் மீன்பிடிப் படகுகளில் இருவழிச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களைப் பொருத்த வகை செய்கிறது. செலவு 364 கோடி ரூபாய். விசைப்படகும் இயந்திரம் பொருத்திய படகுமே அதில் சேரும். ஏரிக்குள் கோலூன்றிப் போகிறவருக்கும், இடுப்பளவு நீரில் கையால் இறால் தடவும் பெண்களுக்கும் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய கைபேசிதான் இருக்கிறது.