தோல் லீஷ்மேனியாசிஸ்: ஊசிவழி, வாய்வழி மருத்துவங்களின் ஒப்பாய்வு

1. வரையறை

பெண் மணல் ஈ கடிக்கும்போது தோலுள் புகும் லீஷ்மேனியா என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி, பெருவிழுங்கு செல்களுக்குள் பெருகி உண்டாக்கும் ஆறாப் புண்ணையே தோல் லீஷ்மேனியாசிஸ் என்கிறோம். பெரும்பாலும் வலி இராது. ஆகவே பலர் மாதக்கணக்கில் பொருட்படுத்துவதில்லை. இலங்கையில் உள்நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் அறியப்பட்டார். அங்கு நோயை விளைப்பது லீஷ்மேனியா டொனோவானி. பீகாரில் காலா அசார் என்னும் உள்ளுறுப்பு நோயைத் தருவதும் இதே இனமே.

2. மருந்து செல்லும் வழிகள்

ஊசி என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை அடங்கும். இவற்றை ஒன்றாக எண்ணுவதே ஒப்பீடுகள் பலவற்றின் குறை.

முதல்வகை, புண்ணக ஊசி. சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட் என்னும் ஆண்டிமனி மருந்தைப் புண்ணின் விளிம்பைச் சுற்றிலும், தோல் வெளிறும்வரை செலுத்துவர். இலங்கைத் தோல்நோய்ச் சிகிச்சையகங்களில் வாரம் ஒருமுறை இடுவது வழக்கம்.

இரண்டாவது, மருந்து உடல் முழுதும் செல்லும் உடல்தழுவு ஊசி. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஆண்டிமனி, 20 நாள். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது நாள்தோறும் 12 மில்லிலிட்டர். தசையில் இடுவதானால் இரு புட்டங்களிலும் பிரித்தே இடவேண்டும்.

ஊசியல்லாத மற்றொரு வழி, வாய்வழி. புற்றுநோய்க்கென ஆக்கப்பட்ட மில்டிஃபோசின், அதே எடையாளருக்கு நாளுக்கு 50 மில்லிகிராம் குளிகை மூன்று, 28 நாள்.

3. பயன்

உடல்தழுவு ஊசியையும் குளிகையையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வுகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 2010இல் வெளிவந்தவை. கொலம்பியப் படைவீரரிடையே, சேர்ந்த அனைவரையும் கணக்கிட்டால், ஊசியில் 72 விழுக்காட்டினரும் மில்டிஃபோசினில் 59 விழுக்காட்டினரும் குணமாயினர். பிரேசிலின் பாயியா மாநிலத்திலோ முடிவு தலைகீழ்: மில்டிஃபோசினில் 75, ஊசியில் 53. மருந்துகள் அவையே, அளவும் ஏறக்குறைய அதுவே. மாறியவை ஒட்டுண்ணியின் இனமும் நிலமும். இனம் ஒன்றுமட்டுமே காரணம் என்றும் சொல்ல இயலாது: பாயியாவில் காணப்படும் பிரேசிலியென்சிஸ் இனம் பரவலாக உள்ள குவாத்தமாலாவில், முந்தைய ஆய்வொன்றில் மில்டிஃபோசினால் ஏறத்தாழப் பாதிப் பேரே குணமாயினர். ஆகவே, இம்முடிவுகளை அப்படியே இலங்கையின் டொனோவானிக்குப் பொருத்துவது முறையன்று.

4. சுமை

உடல்தழுவு ஆண்டிமனி இதயத் துடிப்பின் ஒழுங்கையும் கணையத்தையும் கல்லீரலையும் பாதிக்கக்கூடும். இதய மின்வரைபடமும் இரத்தப் பரிசோதனையும் இடையிடையே வேண்டும். புண்ணக ஊசியில் உடலுள் செல்லும் அளவு மிகச் சிறிது. ஆகவே இப்பாதிப்புகள் பற்றிய அச்சம் பெரிதும் நீங்குகிறது, ஊசி இடும் வேளையின் கடும் வலிதான் எஞ்சுகிறது. ஆயினும் புண்கள் பலவாயினும், கண்ணருகில் அல்லது மூட்டின்மேல் இருப்பினும் இவ்வழி பொருந்தாது. மூக்கு, வாய்ச் சளிச்சவ்வுக்குப் பரவவல்ல இனங்களிலும் உடல் முழுதும் செல்லும் மருந்தே வழக்கமாக நாடப்பட்டது.

குளிகையை எளிய வழி என்பது பாதி உண்மை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் சாதாரணம். புண் ஆறத் தொடங்கியதும் பாதியில் நிறுத்துவோரும் உண்டு. அதனினும் பெரிது, கருவைப் பாதிக்கும் தன்மை. மருந்து உடலைவிட்டு மிக மெல்ல நீங்குவதால், சிகிச்சைக் காலத்திலும் அது முடிந்து ஐந்து மாதம்வரையும் பெண்கள் கருத்தடை கைக்கொள்ள வேண்டும். ஊசியில் மருத்துவமனை ஏற்கும் கண்காணிப்பு, குளிகையில் வீட்டாரின் பொறுப்பாகிறது. கருத்தடைக்குக் கணவனின் இசைவை எதிர்நோக்கும் பெண்ணுக்கு, கையில் ஒற்றைப் புண் மட்டும் இருக்குமானால், புண்ணக ஊசியின் வலியே குறைந்த சுமை என்பது எம் கருத்து.